ஏசி போட்ட அம்பாசடரும் கொதித்த ரேடியேட்டரும்

1990களில் ஒரு மே மாதத்து மதியம். விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக வரும் வெள்ளை அம்பாசடர் ஒன்று மூலகுளம், ரெட்டியார்பாளையம் தாண்டி இந்திரா காந்தி சதுக்கத்தை நெருங்குகிறது. முன்னால் பஸ், பக்கத்தில் மாட்டு வண்டி, சிக்னல் சிவப்பு. டிரைவரின் கை தானாகவே டேஷ்போர்டுக்குக் கீழே போய் ஏசி சுவிட்சை அணைக்கிறது. கண்ணாடிகள் கீழே இறங்குகின்றன. வெப்ப முள் மேலே ஏறாமல் நின்றால் தப்பித்தோம். ஏறினால் வண்டியை ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பின்சீட்டில் இருப்பவர் ஜிப்மருக்குப் போகும் நோயாளியாக இருந்தாலும் சரி, கல்யாணத்துக்குப் போகும் மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, இதுதான் நடைமுறை.

"ஏசி போட்டாலே வண்டி சூடாகும்" என்பது அன்றைய தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் யாரும் கேள்வி கேட்காத விதி. பல வருடங்கள் டிரைவர்கள் அதை நம்பினார்கள், மெக்கானிக்குகளும் நம்பினார்கள். உண்மையில் குற்றவாளி ஏசிதானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா, இங்கிலாந்து என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் உழவர்கரைக்கே வர வேண்டியிருக்கிறது.

உழவர்கரையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: புதுச்சேரி நகரத்தை ஒட்டி மேற்கிலும் வடக்கிலும் பரந்து கிடக்கும் நகராட்சிப் பகுதி அது. பிரெஞ்சுக்காரர்கள் 'உல்கரே' என்று வாய்க்கு வந்தபடி உச்சரித்து ஆவணங்களிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். ரெட்டியார்பாளையம், இலாசுப்பேட்டை, தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், கோரிமேடு எல்லாம் இதில் அடக்கம். தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று சுற்று வட்டாரமே சிகிச்சைக்கு இங்கே வருவதால் வாடகைக் கார்களுக்கு எப்போதும் வேலை உண்டு. வண்டி ஓடும் இடத்தில் பட்டறையும் இருக்கும். வாடகைக் கார் வைத்திருப்பவருக்கு எஞ்சின் ஒரு முறை கொதித்தால் ஹெட் கேஸ்கட் போகும், சில சமயம் ஹெட்டே வளையும். ஃபேஸிங் பண்ணி மறுபடி மாட்டும் வரை சம்பாத்தியம் இல்லை, கடன் தவணை மட்டும் நிற்காது.

முதலில் தண்ணீரின் கதை. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இன்றைய அர்த்தத்தில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் அதன் குளிரூட்டும் முறை! 1888இல் அவர் மனைவி பெர்தா பென்ஸ் மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனபோது வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஏற்காடு மலைப்பாதையில் அம்பாசடரை நிறுத்திக் குடத்தில் தண்ணீர் தேடியவர்களுக்கு அந்த அம்மா முன்னோடி.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மேபாக். பிரான்சின் நீஸ் நகரில் வாழ்ந்த எமில் யெலினெக் என்ற வியாபாரி டைம்லர் கம்பெனியிடம் வேகமான, தாழ்வான புதுக் கார் வேண்டும் என்று கேட்டு, தன் மகளின் பெயரான மெர்சிடிஸ் என்பதையே அதற்கு வைக்கச் சொன்னார். அதற்காக 1900இல் மேபாக் வடிவமைத்ததுதான் தேன்கூடு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் சதுரத்தில் 8,070 சிறு குழாய்களை அடுக்கிப் பற்றவைத்து, பின்னால் ஒரு விசிறியையும் வைத்தார். அதுவரை 18 லிட்டர் தண்ணீர் சுமந்துகொண்டிருந்த வண்டிக்கு 9 லிட்டர் போதும் என்றானது. தண்ணீரின் அளவை விட காற்று படும் பரப்புதான் முக்கியம் என்பதை மேபாக் அன்றே காட்டிவிட்டார். நூறு வருடம் கழித்தும் நம்மூரில் பலர் 'பெரிய டேங்க் வைத்தால் சூடாகாது' என்று நம்பிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வழி இருந்தது. பானார் கம்பெனி 1891லேயே எஞ்சினை முன்னால் கொண்டுவந்து வைத்தது, உலகமே அதைப் பின்பற்றியது. ரெனோ மட்டும் ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால், டிரைவர் பக்கத்துச் சுவரை ஒட்டி வைத்து, 1920களின் இறுதி வரை பிடிவாதமாக இருந்தது. 1914 செப்டம்பரில் மார்ன் போர்முனைக்குச் சிப்பாய்களை ஏற்றிச்சென்று புகழ்பெற்ற பாரிஸ் டாக்சிகள் இந்த வகைதான். பம்ப் இல்லாமல், சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே அவை ஓடின. ஐரோப்பியக் குளிருக்கு அது போதுமானது.

இப்போது குளிர்ச்சியின் கதை. பயணத்தில் குளிர்ச்சி வேண்டும் என்ற ஆசை இந்தியாவுக்குப் புதிதல்ல. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்து அதன் வழியே காற்றை விடும் வழக்கம் பழையது. 1934இல் ஃபிரான்டியர் மெயில் ரயிலில் பனிக்கட்டிகளை வைத்துக் குளிரூட்டிய பெட்டி வந்தது. ஆனால் ஈரத் தட்டி முறை ராஜஸ்தானின் வறண்ட காற்றுக்குத்தான் சரி. புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, உடம்பு பிசுபிசுப்பதுதான் மிச்சம். கடலோரத்துக்குக் கம்ப்ரஸர் வைத்த ஏசி தவிர வேறு வழி கிடையாது. அந்த ஏசியும் இங்கே இரட்டை வேலை செய்ய வேண்டும். காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் நீராக்கிக் கீழே சொட்ட விட வேண்டும். ஒரே வெப்பநிலையில் வேலூரில் ஓடும் ஏசியை விட புதுச்சேரியில் ஓடும் ஏசிக்குச் சுமை அதிகம் என்பது இதனால்தான்.

காரில் கம்பெனியே ஏசி பொருத்தித் தந்தது அமெரிக்காவின் பாக்கார்ட். 1939 இறுதியில் காட்டி, 1940 மாடலில் 274 டாலர் கூடுதல் விலைக்கு விற்றார்கள். டிக்கியில் பாதியை ஏசிப் பெட்டியே விழுங்கிக்கொண்டது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. ஏசி வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இரண்டு வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். போருக்குப் பிறகு, 1954இல், நாஷ் கம்பெனி கம்ப்ரஸர், கண்டென்சர், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் பெட்டி எல்லாவற்றையும் வண்டியின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. இன்றைய கார் ஏசிகளின் அமைப்பு அதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரின் பெயரும் அம்பாசடர். நம்ம அம்பாசடருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

அதே 1954இல்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையை 'லேண்ட்மாஸ்டர்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த வருடம் அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் வாக்கெடுப்பு நடந்து, 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களிக்க, நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. மூன்று வருடம் கழித்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை 'அம்பாசடர்' ஆனது. 1959இல் அதற்குள் பிஎம்சி 'பி' வரிசை எஞ்சின் வந்தது. 1489 சிசி, சுமார் 55 குதிரைத்திறன். பிரெஞ்சு எல்லைக்கோடு அழிந்த ஊரில் இங்கிலாந்துக்காரனின் கார் அரசாங்க வாகனமாக ஓட ஆரம்பித்தது.

இங்கிலாந்துக்காரனின் கார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் முடிச்சு. ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் கோடைக்காலம் என்றால் 22, 23 டிகிரி. அந்த ஊர்க் கார் என்ஜினீயரின் கவலை எஞ்சின் சூடாவது அல்ல, காலையில் சீக்கிரம் சூடாகாமல் போவது. ரேடியேட்டரின் முன்னால் திரை கட்டி ஓட்டிய நாடு அது. அவர்கள் வைத்த விசிறி வாட்டர் பம்போடு ஒரே அச்சில் பெல்ட்டால் சுழலும். எஞ்சின் வேகமாக ஓடினால் விசிறியும் வேகம், எஞ்சின் மெதுவானால் விசிறியும் மெதுவு. ஹைவேயில் வண்டி போகும்போது காற்று தானாக வருவதால் விசிறியே தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் விசிறி தேவை, அப்போதோ அது ஊதுவத்திப் புகையைக்கூடக் கலைக்காத வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஏசி இல்லாத வரை இந்த அமைப்பு நம்மூர் வெயிலிலும் ஏதோ சமாளித்தது. மலைப்பாதையில் மட்டும் தண்ணீர் கேட்கும்.

1980களிலும் 90களிலும் அம்பாசடருக்கு வெளியிலிருந்து ஏசி வாங்கிப் பொருத்தும் தொழில் சூடுபிடித்தது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பிராக்கெட் செய்து கம்ப்ரஸரை மாட்டுவார்கள். சேண்டன் 508 என்ற ஐந்து பிஸ்டன், 138 சிசி கம்ப்ரஸர் உலகமெங்கும் இந்த வேலைக்குப் பிரபலம். டேஷ்போர்டுக்குக் கீழே காற்றுப் பெட்டி தொங்கும். கண்டென்சர்? அதற்கு இருக்கும் ஒரே இடம் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். அங்கேதான் வினை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போகிறது, இன்னொரு பங்கு தண்ணீருக்குப் போய் ரேடியேட்டரில் இறங்க வேண்டும். இதில் ஏசி சேர்கிறது. காருக்குள்ளிருந்து 4 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸரைச் சுற்ற 2 கிலோவாட். எடுத்த வெப்பமும் சுற்றிய சக்தியும் சேர்ந்து 6 கிலோவாட்டைக் கண்டென்சர் தன் வழியே போகும் காற்றில் கொட்டுகிறது. வண்டி நிற்கும்போது வினாடிக்கு 400 கிராம் காற்றுதான் போகிறது என்றால், அந்தக் காற்று ஏறக்குறைய 15 டிகிரி சூடாகிவிடும். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் ரேடியேட்டருக்கு வந்து சேர்வது 55 டிகிரி காற்று. எஞ்சின் தண்ணீர் 90 டிகிரியில் இருக்கிறது. முன்பு 50 டிகிரி வித்தியாசம் இருந்த இடத்தில் இப்போது 35தான். ரேடியேட்டரின் திறமையில் பத்தில் மூன்று பங்கு போயிற்று, கம்ப்ரஸரைச் சுற்றுவதற்காக எஞ்சின் கூடுதலாக உழைப்பது தனி.

கணக்கை இன்னொரு தடவை பார்த்தால் ஒன்று புரியும். வினாடிக்கு 400 கிராமுக்குப் பதில் 800 கிராம் காற்று போனால் சூடேற்றம் பாதியாகிவிடும். ஆக ஏசி சுமைதான், மறுக்க முடியாது. ஆனால் வண்டியைக் கொதிக்க வைத்தது காற்றுப் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரி செய்தார்கள் என்பதுதான் சோகம்.

எதையெல்லாம் செய்தார்கள்? முதல் பலி தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுக்கும் சின்ன வால்வு அது. 'நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று கழற்றிக் காயலான் கடையில் போட்டார்கள். நாடு முழுக்க நடந்த கூத்து இது. விளைவு, காலையில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். போதாததற்கு, தெர்மோஸ்டாட் மூட வேண்டிய பைபாஸ் துளை சில எஞ்சின்களில் திறந்தே கிடப்பதால், சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை சூட்டைக் கூட்டியது. தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு அது வழியில் பெரிய தடையே அல்ல என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது, தண்ணீர். கூலண்ட் விலை அதிகம் என்று போர்த் தண்ணீரை ஊற்றினார்கள். கடலோரத்துப் போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. டீ போடும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைக் காரை ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் சிலிண்டரைச் சுற்றியும் படியும். அது வெப்பத்தைக் கடத்தாது. வருடத்துக்கு ஒரு தடவை ரேடியேட்டர் பட்டறைக்குப் போய், மேல் தொட்டியின் ஈயப் பற்றைப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி பற்றவைக்க வேண்டும். இதற்கென்றே வாழ்ந்த கைவினைஞர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். செம்பும் பித்தளையும் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். பின்னாளில் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்து அந்தத் தொழிலைப் பாதி விழுங்கிவிட்டன.

கூலண்டைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அதிலுள்ள கிளைகால் குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கச் சேர்த்தது. உண்மையில் வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கிளைகாலை விடக் கெட்டிக்காரன். புதுச்சேரியில் தண்ணீர் உறையப் போவதில்லை. இங்கே கூலண்டின் உபயோகம் துருவையும் காரையையும் தடுப்பதும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்துவதும். கொதிநிலையை இன்னும் நன்றாக உயர்த்துவது ரேடியேட்டர் மூடி. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 111 டிகிரி வரை பொறுக்கும். 13 பவுண்டு என்றால் ஏறக்குறைய 119. ரப்பர் வாசர் நைந்துபோன மூடியை மாற்றாமல் எஞ்சினையே பிரித்த கதைகள் ஏராளம். அதே நேரம், நாற்பது வருடத்துப் பழைய ரேடியேட்டருக்கு அழுத்தம் அதிகமான மூடி போட்டால் ஈயப் பற்று எங்காவது விட்டுக்கொள்ளும் என்பதும் உண்மை.

மூன்றாவதாக, எஞ்சினையே மாற்றினார்கள்! நம்மவர்களுக்கு இது பழக்கமான கலைதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது டிவிஎஸ் கம்பெனி கரிவாயு உலைகளைச் செய்து விற்று பஸ்களை ஓட வைத்த மாநிலம் இது. பெட்ரோல் விலை ஏற ஏற அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைப்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெரிய தொழிலானது. கம்பெனியே தந்த 1489 சிசி டீசலுக்குச் சக்தி 37 குதிரைத்திறன்தான். ஏசி கம்ப்ரஸர் மூன்று குதிரையைக் கேட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். அதனால் பஜாஜ் டெம்போ மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசடருக்குள்ளும் கான்டெஸாவுக்குள்ளும் இறக்கினார்கள். டீசல் எஞ்சின் சும்மா நிற்கும்போது பெட்ரோலை விடக் குறைந்த வெப்பத்தையே வெளியிடும். எனவே சிக்னலில் முள் அமைதியாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து டீசல்களில் எரிபொருள் முதலில் ஒரு சிறு அறையில் எரிந்து பிறகு சிலிண்டருக்கு வரும், அந்த அறையின் சுவர் வழியாகத் தண்ணீருக்கு நிறைய வெப்பம் போகும். ஆள் ஏற்றி, ஏசி போட்டு, ஏற்றத்தில் மிதித்தால் பழைய அம்பாசடர் ரேடியேட்டர் திணறிவிடும். எஞ்சினை மாற்றியவர்கள் பலர் ரேடியேட்டரை மாற்றவில்லை. புது மாட்டுக்குப் பழைய தொட்டி!

கான்டெஸா தனி வேதனை. 1984இல் வந்த அந்த அழகான பெரிய காருக்குள் கம்பெனி முதலில் வைத்தது அதே அம்பாசடர் 1489 சிசி எஞ்சினை. பணக்காரர்களின் கார், ஏசி இல்லாமல் யார் வாங்குவார்கள்? ஏசியைப் போட்டால் வண்டி நகர யோசிக்கும். பிறகு இசுஸு 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பின்தான் அது கார் ஆனது எனலாம். 1990களில் அதே எஞ்சின் அம்பாசடருக்கும் கிடைத்தது.

சரி, தீர்வு எப்படி வந்தது? ஒரு வகையில் மாருதியால். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் எஞ்சின் குறுக்காகப் படுத்திருந்ததால் பெல்ட் விசிறி வைக்க வழியில்லை. ரேடியேட்டருக்கு மின்விசிறி. எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓடினாலும், தண்ணீர் சூடானால் விசிறி முழு வேகத்தில் சுழலும். குட்டி 796 சிசி எஞ்சின் ஏசியோடு சிக்னலில் நிற்கிறது, பெரிய அம்பாசடர் பக்கத்தில் நின்று கொதிக்கிறது என்ற காட்சியைப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு விஷயம் மெல்லப் புரிந்திருக்க வேண்டும். விபத்தில் நொறுங்கிய மாருதிகளின் விசிறிகள் சென்னை புதுப்பேட்டை மாதிரியான பழைய பாகச் சந்தைகளுக்கு வர ஆரம்பித்ததும், அவை அம்பாசடரின் கிரில்லுக்குப் பின்னால் ஏறின.

அதிலும் தப்புகள் நடந்தன. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கச் செய்த விசிறியை இடமில்லாமல் முன்னால் மாட்டி, வயரை மாற்றிக் கொடுத்துத் தலைகீழாகச் சுழற்றுவார்கள். சுழலும், ஆனால் இறக்கையின் வளைவு எதிர்த்திசைக்கு ஏற்றதில்லை என்பதால் சத்தம்தான் அதிகம், காற்று குறைவு. ரிலே வைக்காமல் சாவி சுவிட்சிலிருந்தே நேராக மின்சாரம் எடுத்து, சுவிட்ச் உருகிப்போனதும் உண்டு. மின்சாரமே பெரிய பிரச்சினை. பழைய அம்பாசடரில் இருந்தது டைனமோ. லூகாஸ் சி40 டைனமோ நன்றாகச் சுழன்றால் 22 ஆம்பியர் தரும், ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஏசி ஊதுவிசிறிக்கு 10 ஆம்பியர், மின்விசிறிக்கு இன்னும் 10, ராத்திரி என்றால் ஹெட்லைட் வேறு. சூட்டைத் தீர்த்த வண்டி பேட்டரி இறங்கி நிற்கும். ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகே மின்விசிறி உண்மையில் வேலை செய்தது. அந்த விஷயத்தில் 1961லிருந்து சென்னை பாடியில் இயங்கிய லூகாஸ் டிவிஎஸ்ஸுக்கு நம்மூர்க் கார்கள் கடன்பட்டிருக்கின்றன.

இவ்வளவு செலவில்லாத ஒரு தீர்வும் இருந்தது. விசிறியைச் சுற்றி ஒரு தகரக் கூடு. கூடு இல்லாத விசிறி தன் முனைகளில் பக்கவாட்டுக் காற்றையே இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டரின் நான்கு மூலைகளிலும் காற்று போகவே போகாது. ரேடியேட்டர் முழுவதையும் மூடி விசிறியின் விளிம்பில் முடியும்படி தகரத்தை வளைத்து மாட்டினால், அதே விசிறி அதே வேகத்தில் முழுக் கோர் வழியாகவும் இழுக்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் பக்கங்களில் உள்ள சந்தை ரப்பர் பட்டையால் அடைத்துவிட்டால், எஞ்சின் அறையின் சூடான காற்று சுற்றி முன்னால் வந்து மறுபடி உள்ளே போவதும் நிற்கும். டிங்கர் கடையில் ஒரு மதியத்தில் முடிகிற வேலை! எஞ்சின் பிரிப்பதில் இருக்கிற பெருமை தகரம் வளைப்பதில் இல்லை என்பதாலோ என்னவோ, பல பட்டறைகள் இதைக் கடைசியில்தான் செய்து பார்த்தன. இதோடு மூன்று அல்லது நான்கு வரிசைக் குழாய் உள்ள தடித்த கோர், ஏசி போட்டதும் ஐடிலைக் கொஞ்சம் உயர்த்தும் சின்ன வால்வு ஆகியவை சேர்ந்தால் மே மாதத்திலும் சிக்னலில் ஏசியை அணைக்க வேண்டாம்.

பெரிய பெல்ட் விசிறி வைத்தால் போதாதா என்றும் சிலர் முயன்றார்கள். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் அது உறிஞ்சும் சக்தி எட்டு மடங்காகும். ஐடிலில் கிடைக்கும் லாபத்தை ஹைவேயில் பெட்ரோலாகத் திருப்பிக் கட்ட வேண்டும், காது வலி இலவசம்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்த நேரத்தில் வாயு மாறியது. பழைய ஏசிகளில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அது அரிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்து, 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. 2003 முதல் புதுக் கார் ஏசிகளில் அந்த வாயுவுக்கு இடமில்லை. மாற்றாக வந்த ஆர்-134ஏ கண்டென்சரின் சூட்டில் ஆர்-12ஐ விட அதிக அழுத்தத்தில் நிற்கும். பழைய கண்டென்சரில் புது வாயுவை அடைத்தவர்கள் வண்டி ஓடும்போது குளிர்வதையும், நின்றால் ஏசிக் காற்று வெதுவெதுப்பாவதையும் கண்டார்கள். மறுபடியும் அதே வியாதி, காற்றுப் பஞ்சம். பெரிய கண்டென்சரும் முன்னால் தனி விசிறியும் வைத்த வண்டிகள் தப்பித்தன.

எஞ்சின் மாற்றும் வேலைக்குச் சட்டத்தின் கடிவாளமும் உண்டு. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ரேடியேட்டரையும் விசிறியையும் மேம்படுத்துவது வேறு, அனுமதி இல்லாமல் வேறு எஞ்சினை இறக்குவது வேறு. பழைய மெட்டடார் அம்பாசடரை இன்று ஆசையாக வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரை அல்ல, பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணை.

2014 மே மாதத்தில் உத்தரபாடா தொழிற்சாலை நின்றது. 2017 பிப்ரவரியில் 'அம்பாசடர்' என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? பிரான்சின் பெஜோ. புதுச்சேரியை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போன வருடங்களில் பிறந்த இங்கிலாந்துக் காரின் பெயர், கடைசியில் பிரெஞ்சுக்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது. அம்பாசடரைப் பாசத்தோடு வைத்திருப்பவர்கள் இப்போது அலுமினிய ரேடியேட்டரும் டிஜிட்டல் வெப்பமானியும் பொருத்திக்கொள்கிறார்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுபவர்களும் உண்டு. தகரக் கூடு மட்டும் இன்னும் டிங்கர் கடையில்தான் வளைக்க வேண்டும், அளவெடுத்துச் செய்த ரெடிமேட் கூடு சுலபத்தில் அகப்படாது.